ஆறாத பல்குழியும் வருடத்துக்கு ஒருமுறை போட்ட ஊசியும்

பல் எடுத்த இடத்தில் சீழ் நிற்காமல் வந்த ஒருவருடைய கதை இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். பல்லை எடுத்தவன் நான்தான். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு 68 நாள் ஆனது. அந்த நாட்களில் என்ன பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பல் மருத்துவர்களுக்கு மட்டுமில்லாமல், வீட்டில் வயதான அம்மா அப்பா இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

அறுபது வயதைத் தாண்டிய அம்மா. வீட்டு வேலை, தோட்ட வேலை எல்லாம் அவரே பார்ப்பார். கீழ்த்தாடையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல் ஆடுகிறது என்று வந்தார். எங்கள் கணக்கில் அது 46-ஆம் பல். ஈறு கரைந்து, வேர்கள் இரண்டாகப் பிரியும் இடம்வரை வெளியே தெரிந்தது. நாக்கு பட்டாலே வலிக்கிறது, ஆறு மாதமாக அந்தப் பக்கம் மெல்லவே இல்லை என்றார். எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாத பல்.

முதல்முறை வருகிறவர்களுக்கு எங்கள் கிளினிக்கில் ஒரு படிவம் உண்டு. சர்க்கரை, பிபி, இதயநோய், ஆஸ்துமா, மருந்து அலர்ஜி என்று ஐந்து கட்டம். சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். மூட்டுவலிக்கு "ஒரு சின்ன மாத்திரை" உண்டாம். பெயர் தெரியவில்லை. வலி மாத்திரையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டதற்கு "இல்ல சார்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அவர் அதற்கு மேல் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 192. கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் பல் வந்துவிட்டது. இரண்டு வேரும் உடையாமல் முழுசாக வந்தன. பஞ்சைக் கடிக்கவைத்து, ஐந்து நாளைக்கு அமாக்சிசிலின் 500, வலிக்குப் பாரசிட்டமால் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள்: வலி

நான்காம் நாள் காலையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே வந்தார். வலி காதுவரை இழுக்கிறது, வாயில் கெட்ட வாடை. குழியில் இருக்க வேண்டிய ரத்தக்கட்டி இல்லை, சாம்பல் நிறத்தில் எலும்புச் சுவர் தெரிந்தது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை.

இதை டிரை சாக்கெட் என்போம். பல் எடுத்த குழியில் உறையும் ரத்தம்தான் புண் ஆறுவதற்கு அடித்தளம். அது கரைந்தோ கழன்றோ போய்விட்டால் அடியில் உள்ள எலும்பு காற்றும் எச்சிலும் பட்டு வலிக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தொடங்கும், கீழ்க் கடைவாயில்தான் அதிகம். இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. சலைன் விட்டுக் கழுவி, கிராம்புச் சத்து கலந்த மருந்தை வைத்து அடைத்தால் வலி அடங்கும். அதையே செய்தேன். அடுத்த நாள் போன் செய்து, "ராத்திரி நல்லா தூங்கினேன் சார்" என்றார்.

அன்றைய கண்டுபிடிப்பில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் "இது டிரை சாக்கெட்" என்று ஒரு பெயர் கிடைத்ததும் என் மனம் அதிலேயே நின்றுவிட்டது. பத்து நாளில் அடங்க வேண்டியது அது. அதற்குப் பிறகும் இழுத்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் முதல் ஆறாம் வாரம் வரை

பதின்மூன்றாம் நாள் சீழ். கன்னத்தில் லேசான வீக்கம், தாடைக்கு அடியில் நெறி கட்டியிருந்தது. குழியைக் கழுவிவிட்டு, அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த 625 மாத்திரையும் மெட்ரோனிடசோல் 400-ம் ஏழு நாளைக்குக் கொடுத்தேன். ஐந்தாம் நாளே வீக்கம் வடிந்தது. மாத்திரை தீர்ந்த நாலாம் நாள் திரும்ப வந்தது.

அதன்பின் மூன்று வாரம் அவர் என்னிடம் வரவில்லை. மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு கிளினிக்கில் வேறு ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் தீர்ந்ததும், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னொரு அட்டை வாங்கியிருக்கிறார். நடுவில் உறவுக்காரப் பெண் ஒருவர் சொன்னாரென்று கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் திணித்து வைத்திருந்தார். நேரடியாக வைத்தால் அது சதையைப் பொசுக்கிவிடும். குழியைச் சுற்றி ஈறு வெளுத்திருந்தது அதனால்தான்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் சீழ் நின்றது, ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தது. இப்படி நடந்தால் மருந்து போதவில்லை என்று நினைப்பதுதான் நம் பழக்கம். கிருமி திரும்பத் திரும்ப வந்து தங்க அங்கே ஏதோ ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

நாற்பத்தேழாம் நாள்: எக்ஸ்ரே சொன்னது

திரும்பி வந்தபோது ஈறில், குழிக்குச் சற்றுக் கீழே, பரு போல ஒரு சிறு மேடு இருந்தது. அழுத்தினால் சீழ் வந்தது. வேர்த்துண்டு ஏதாவது உள்ளே நின்றுவிட்டதா என்று பார்க்க ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தேன். வேர் இல்லை. பக்கத்துப் பல்லின் வேரிலும் கோளாறு இல்லை. "சுத்தமா இருக்கும்மா" என்று சொல்லி, கிளிண்டாமைசின் எழுதினேன்.

அந்தப் படத்தைப் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்தேன். நான் தேடியது வேரை மட்டும். படத்தில் வேறொன்று தெளிவாக இருந்தது. பல் எடுத்த ஏழாம் வாரத்தில் குழியின் விளிம்பு மங்கத் தொடங்கியிருக்க வேண்டும், உள்ளே புது எலும்பின் நிழல் விழத் தொடங்கியிருக்க வேண்டும். இவருக்கோ குழி நேற்று எடுத்ததுபோல அப்படியே இருந்தது. இரண்டு வேரின் அச்சும் வெள்ளைக் கோடு போட்டு வரைந்ததுபோல, அந்தக் கோடு வழக்கத்தைவிடத் தடித்து. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையே அங்கே நடக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அன்று பிரோப் என்ற மெல்லிய கருவியைக் குழிக்குள் விட்டும் பார்க்கவில்லை. வலிக்கிறது என்றார், விட்டுவிட்டேன்.

அறுபத்தெட்டாம் நாள்: காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை

மகனோடு வந்தார். மகன் வாசலிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேன்சரா இருக்குமா சார்? அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றார். அம்மா வெற்றிலை போடுகிறவர், புகையிலை சேர்ப்பதில்லை. ஆறாத பல்குழிக்குப் பின்னால் புற்றுநோய் இருப்பதும் உண்டு என்பதால் மகனின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை.

ஈறு விலகி, உள்ளே பச்சரிசி நீளத்துக்கு மஞ்சள் படிந்த வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பிரோப்பின் நுனி பட்டதும் ஓட்டில் உரசியதுபோல ஒரு சத்தம். அவருக்கு வலிக்கவே இல்லை. உயிருள்ள எலும்பைத் தொட்டால் ரத்தம் கசியும், நோயாளி முகம் சுளிப்பார். இது செத்த எலும்பு.

காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். "லேசாத்தான் சார். அந்த எலும்பு ஊசி மொத தடவ போட்டப்பதான் மூணு நாள் அனலா கொதிச்சுது. இது அந்த மாதிரி இல்ல."

எந்த எலும்பு ஊசி?

முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது என்று வேறொரு ஊர் எலும்பு மருத்துவர் வருடத்துக்கு ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றுகிற ஊசியாம். மூன்று வருடம் போட்டாகிவிட்டது. கடைசியாகப் போட்டது, நான் பல்லை எடுப்பதற்கு நாலு மாதம் முன்பு. மகன் வீட்டுக்குப் போய் மஞ்சப்பையோடு திரும்பினார். பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், ரசீதுகள் எல்லாம் அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் என்று மூன்று தாளில் இருந்தது. இன்னொரு தாளில் அந்த "சின்ன மாத்திரை": பிரெட்னிசோலோன் 5. ஸ்டீராய்டு.

நான் தேடிய விடை அந்தப் பையில் இருந்தது. வருடத்தில் ஒருநாள் ஏறுகிற ட்ரிப்ஸை யாரும் "நான் சாப்பிடுகிற மருந்து" என்று நினைப்பதில்லை. நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன், அவர் மாத்திரையைப் பற்றிப் பதில் சொன்னார்.

அந்த ஊசி தாடையில் என்ன செய்கிறது

நம் எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கிற செல்கள் வேகமாகவும் கட்டுகிற செல்கள் மெதுவாகவும் வேலை செய்தால் எலும்புத் தேய்மானம். சோலெட்ரோனிக் அமிலம் எலும்பில் படிந்துகொண்டு கரைக்கிற செல்களை முடக்கிவிடும். பல வருடம் அங்கேயே தங்கும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு ஊசி போதும். ஆனால் பல் எடுத்த குழி ஆற வேண்டுமென்றால், அடிபட்ட பழைய எலும்பு முதலில் கரைந்தாக வேண்டும். அது கரையாமல் நின்று, வாய்க் கிருமியும் சேர்ந்துகொண்டால் எலும்பு செத்து ஒதுங்கும். தாடை எலும்பின் மேல் இருப்பது மெல்லிய ஈறு மட்டும்தான். உடம்பில் பெரும்பாலான எலும்புகளுக்கு வெளி உலகம் இவ்வளவு பக்கத்தில் இல்லை.

அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 2003-ல் இப்படி 36 பேரைப் பற்றி எழுதியபோதுதான் பல் மருத்துவ உலகம் விழித்தது. அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே, ஐரோப்பாவில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை அழுகியது. 1906-ல் பெர்ன் நகரில் போட்ட ஒப்பந்தத்தில்தான் தீக்குச்சியில் அந்தப் பாஸ்பரஸுக்குச் சர்வதேசத் தடை வந்தது. இன்றைய ஊசியிலும் பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு சேர்மம்தான் வேலை செய்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் எலும்பு ஊசியை நிறுத்தப் போய்விடக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்காகப் போடுகிறவர்களில் இந்தச் சிக்கல் பத்தாயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்குத்தான் வருவதாக அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. புற்றுநோய்க்காக மாதாமாதம் அதிக அளவில் ஏற்றுகிறவர்களுக்குத்தான் அதைவிட மிக அதிகம். இதே ஊசி இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதம் குறைத்ததாக 2007-ல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. வயதான காலத்தில் இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசியோ, தேதி தள்ளிப்போனாலே முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உள்ளது. அதை நோயாளியோ பல் மருத்துவரோ தாமாக நிறுத்தவே கூடாது.

எடுத்த முடிவுகள்

அன்று என் கை க்யூரெட்டை எடுக்கப் போனது. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் ரத்தம் வந்து ஆறிவிடும் என்றுதான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து பழக்கம். இவர் விஷயத்தில் அது ஆபத்து. உயிருள்ள எலும்பையும் சேர்த்துக் காயப்படுத்தினால் சாவு இன்னும் உள்ளே போகும். கருவியைக் கீழே வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஆன்டிபயாடிக் எழுதுவதையும் நிறுத்தினேன். சீழை எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொன்னதில் ஹெச்பிஏ1சி 9.4 வந்தது. 192 என்ற ஒரு எண்ணை நம்பியது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் புரிந்தது. கீழுதட்டில் பஞ்சால் தடவிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் உணர்வு சமமாக இருந்தது. உதடு மரத்திருந்தால் நோய் நரம்புவரை போய்விட்டது என்று அர்த்தம், புற்றுநோய்ச் சந்தேகமும் கூடும். சிபிசிடி எனும் முப்பரிமாண எக்ஸ்ரேயில் சுமார் ஒன்பது மில்லிமீட்டர் எலும்புத் துண்டு சுற்றியுள்ள எலும்பிலிருந்து பிரியத் தொடங்கியிருந்தது. நரம்புக் குழாய்க்கும் அதற்கும் நடுவில் போதிய இடம் இருந்தது.

எலும்பு எட்டு வாரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால்தான் மருந்தால் வந்த தாடை எலும்புச் சிதைவு என்று உறுதியாகச் சொல்வது வழக்கம். இவருக்குக் கண்ணில் தெரிந்தது அன்றுதான். ஆனாலும் குழி ஒருநாள்கூட மூடவில்லை என்பதால் அந்தப் பெயரை வைத்தே நடந்தோம்.

மகனையும் அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பல் எடுக்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இது கேன்சர் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் மறைத்த பயம் அவருக்கு முன்பே இருந்திருக்கிறது. இப்போதைக்கு அப்படித் தோன்றவில்லை, துண்டை எடுக்கும்போது பரிசோதனைக்கு அனுப்பி உறுதி செய்வோம் என்றேன்.

எலும்பு மருத்துவருக்கும் சர்க்கரை மருத்துவருக்கும் கடிதம் எழுதினேன். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் வாய் அறுவைத் துறைக்கு, எல்லாப் படங்களோடும் அனுப்பிவைத்தேன்.

பிறகு நடந்தது

அங்கே அவசரப்படவில்லை. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி தினம் இரண்டு வேளை, சீழ் வரும்போது மட்டும் பெனிசிலின் வகை மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்வை. செத்த துண்டு தானாகக் கழன்று வரட்டும் என்று காத்திருந்தார்கள். அவருக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "எடுத்துப் போடாம எதுக்கு சார் பாத்துக்கிட்டே இருக்காங்க?" என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் விளக்குவேன். இதற்கிடையில் சர்க்கரைக்கு இன்சுலின் தொடங்கினார்கள். பிரெட்னிசோலோனை அவருடைய மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார்.

பல் எடுத்த நாலரை மாதத்தில் துண்டு ஆடத் தொடங்கியது. மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்து, கூர்மையான விளிம்புகளை ரத்தம் கசியும்வரை வழித்து, ஈறை இழுத்து முழுதாக மூடித் தைத்தார்கள். பரிசோதனை முடிவில் உயிரற்ற எலும்பு, அதில் ஆக்டினோமைசிஸ் வகைக் கிருமிக் கூட்டங்கள், புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆறு வாரம் அமாக்சிசிலின் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் தையல் ஓரத்தில் கடுகளவு பிரிந்தது. ஆறாம் வாரம் அதுவும் மூடிவிட்டது.

எலும்பு மருத்துவர் அடர்த்தி ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று ஊசி போட்டாகிவிட்டதால் நாலாவதை இப்போதைக்குத் தள்ளிவைத்தார். அது அவருடைய முடிவு. அவர்தான் எடுக்க வேண்டிய முடிவும்கூட. ஒரு வருடம் முடிந்து எடுத்த ஓபிஜி எனும் முழுத் தாடை எக்ஸ்ரே படத்தில் அந்த இடத்தில் எலும்பு நிறைந்து வருவது தெரிந்தது. ஹெச்பிஏ1சி 7.2.

இனி எப்படிச் செய்கிறோம்

ஊசியைப் பற்றி முன்பே தெரிந்திருந்தாலும் அந்தப் பல்லை எடுத்திருக்கத்தான் வேண்டும். அவ்வளவு ஆடுகிற, சீழ் பிடித்த பல்லை விட்டுவைத்தாலும் அதே சிக்கல் வரலாம். எடுத்த விதம்தான் மாறியிருக்கும். சர்க்கரையை முதலில் அடக்கி, வாய்க்கழுவியும் மருந்தும் முன்கூட்டியே தொடங்கி, எலும்பின் கூர்முனைகளை வழித்து, குழியைத் திறந்து விடாமல் ஈறால் மூடித் தைத்து, எட்டு வாரம்வரை வரவழைத்துப் பார்த்திருப்பேன்.

படிவத்தை மாற்றிவிட்டோம். எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் உதவியாளர் வாயாலும் கேட்கிறார்: "எலும்புக்கோ மூட்டுக்கோ கேன்சருக்கோ எப்பவாவது ஊசி, ட்ரிப்ஸ் போட்டிருக்கீங்களா? மாசத்துக்கு ஒண்ணு, ஆறு மாசத்துக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒண்ணு? வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வெறும் வயித்துல போடுற மாத்திரை ஏதாவது?" கடைசிக் கேள்வி அலென்ட்ரோனேட் என்ற எலும்புத் தேய்மான மாத்திரைக்காக. அதையும் யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெயர் தெரியாத மாத்திரை இருந்தால் அட்டையைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் பல்லைத் தொடுகிறோம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் நுனி அளவு மட்டும் போதாது, மூன்று மாத அளவும் வேண்டும். ஒருமுறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் சீழ் திரும்பி வந்தால் இரண்டாவது சீட்டு எழுதுவதற்கு முன் எக்ஸ்ரேயும் பிரோப்பும். மூன்று வாரத்தில் ஈறு மூடத் தொடங்காத குழியை மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பியதில் சில சாதாரணமாக ஆறிப்போயின. பரவாயில்லை.

சில மாதம் முன்பு அந்த அம்மா மறுபடி வந்தார். வாய் நன்றாக இருக்கிறது, அந்த இடத்துக்குப் பல் கட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. கூடவே அக்காவைக் கூட்டிவந்திருந்தார். கையில் அதே மஞ்சப்பை, இந்த முறை அக்காவின் தாள்களோடு. "அக்காவுக்கு எலும்பு ஊசி போடணும்னு சொல்லியிருக்காங்க சார். போடுறதுக்கு முன்னாடி பல்லைப் பாத்துடுங்க." மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பல் நிற்காது என்று தெரிந்தது. இரண்டையும் எடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து, ஈறு முழுதாக மூடியதைப் பார்த்த பிறகு அக்காவின் எலும்பு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன்.